பல்லனுக்கு முடி வெட்டியவர்

அப்பளசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மீசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் எங்கள் ஊர் பீடோங்கில் யாரைக் கேட்டாலும் "மீசைக்கார அண்ணன் கடையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். அதே கடையில் இருபத்தொரு வருஷமாக இரண்டாவது நாற்காலியில் நிற்கிற என் பெயர் புவனேசன் என்பது தபால்காரருக்கே போன வருஷம்தான் தெரிந்தது.

கடை என்றால் முடிவெட்டும் கடை. இரண்டு நாற்காலிகள். வாசலை ஒட்டி இருப்பது அவனுடையது. உள்ளே, மின்விசிறிக் காற்று பாதிதான் வந்து சேரும் இடத்தில் இருப்பது என்னுடையது. என்னைவிட ஏழு வயது மூத்தவன், ஆகவே நேரில் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் அவன், இவன்தான். இங்கே மனசுதான் பேசுகிறது என்பதால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் அவன். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா புல் வெட்டினார். தன் ஐந்து தம்பி தங்கைகளின் தலையில்தான் தொழில் பழகினான். அதில் ஒரு தம்பியின் பள்ளிக்கூடப் படத்தில் காதுக்கு மேலே கரடுமுரடாக ஒரு வெட்டு இன்றைக்கும் தெரியும். அதற்குப் பிறகு மூன்று வருஷம் டயர் தொழிற்சாலையில் இருந்தான். இயந்திரச் சத்தத்தில் யாரோடும் பேச முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டான். சம்பளம் போதவில்லை என்று விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பேச முடியவில்லை என்று விட்டவன் இவன் ஒருவன்தான். பாலர் பள்ளி ஆசிரியை அம்சவள்ளியைக் கட்டினான். இரண்டு மகள்கள். இரண்டும் கெட்டிக்காரப் பிள்ளைகள். பீடோங் வந்து கடை போட்ட நாளிலிருந்து அவன் வாய் மூடியதில்லை, கடையில் ஆள் குறைந்ததுமில்லை.

நான் சிடாம் கிரி என்ற ஊர்க்காரன். எனக்கு மீசை ஓரிடத்தில் முளைத்தால் இன்னோரிடத்தில் முளைக்காது. போகட்டும். அதைவிடப் பெரிய விஷயம் என் கை.

நான் இடதுகைக்காரன். கத்தரியை இடது கையில்தான் பிடிப்பேன். இடதுகைக்கென்று தனிக் கத்தரி உண்டு, பினாங்கில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். அதில் மேல் அலகு இடப்பக்கம் இருக்கும், அப்போதுதான் வெட்டுகிற கோடு நம் கண்ணுக்குத் தெரியும். என் வேலையில் குறை சொன்னவர் யாருமில்லை. ஆனால் குழந்தைக்கு முப்பதாம் நாள் முடி இறக்க வருகிறவர்கள் என் கையைப் பார்த்ததும் "அந்த அண்ணன் வரட்டும், வெய்ட் பண்றோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் முடியைப் பீச்சாங்கையால் எடுக்கக்கூடாதாம். என் நாற்காலி காலியாகக் கிடக்கும், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், அவன் அந்தக் குழந்தையைக் கொஞ்சிக் கொஞ்சியே சிரைத்துவிடுவான். இன்று பீடோங்கில் பள்ளிக்கூடம் போகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் மொட்டை அவன் போட்டது. நான் போட்டது ஒன்றுகூட இல்லை. என் சொந்த அக்காள் பேரனுக்கும் அவன்தான் போட்டான். அன்று நானே பிள்ளையின் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதற்குப் பொறாமை என்றுதான் பெயர். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

என்னைப் பார்த்து அவன் சிரிப்பதற்கும் ஒரு கதை உண்டு. ராமையா என்று ஒரு பெரியவர், முன்பு லாரி ஓட்டியவர், என் வாடிக்கை. சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவருடைய மருமகன் கொண்டுவந்து விட்டுப் போவார். கண் போன பிறகு அவர் முதல்முறை வந்தபோது முடி வெட்டி, பவுடர் போட்டு, துண்டை உதறி, கை பழகிய பழக்கத்தில் ஆணியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து அவர் பின்னந்தலைக்கு நேராகப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது. ஆணியில் கண்ணாடி உரசிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையை இடப்பக்கம் ஒருமுறை திருப்பினார், வலப்பக்கம் ஒருமுறை திருப்பினார். "ம், நல்லா இருக்கு தம்பி" என்றார்.

அவர் படி இறங்கியதும் அப்பளசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அடுத்த மாதம் நான் ஜாக்கிரதையாக இருந்தேன், கண்ணாடிப் பக்கமே போகவில்லை. துண்டை உதறி முடித்தும் ராமையா எழுந்திருக்கவில்லை.

"என்ன தம்பி, கண்ணாடி காட்டலையா?" என்றார்.

அன்றிலிருந்து மாதாமாதம் காட்டுகிறேன். அவரும் தலையைத் திருப்பிப் பார்த்து நல்லா இருக்கு என்கிறார். அப்பளசாமியும் மாதாமாதம் சிரிக்கிறான்.

இந்த இடத்தில்தான் விக்னேஸ்வரன் வந்து சேர்ந்தான். எல்லாருக்கும் விக்கி. சுங்கை பட்டாணியில் தனியாக வீடு எடுத்திருக்கிறான். கோலாலம்பூரில் ஒரு கம்பெனி ஜப்பான்காரர்களோடு சேர்ந்து அனிமே என்கிற கார்ட்டூன் தொடர் எடுக்கிறது, இவன் வீட்டிலிருந்தபடியே அவர்களுக்குப் படம் வரைந்து அனுப்புகிறான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்ட வருவான். எப்போதும் அப்பளசாமியின் நாற்காலிதான். என் நாற்காலி காலியாக இருக்க, நான் "வாப்பா" என்று துண்டை உதறிக் காட்டினாலும், "பரவால்லண்ணே, வெய்ட் பண்றேன்" என்பான். உட்கார்ந்ததும் எதிரே இருக்கிற பெரிய கண்ணாடியையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தங்கள் மூஞ்சியைப் பார்த்து அலுப்பதே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் டேப்லட்டில் ஒரு படத்தைக் காட்டினான். வெளிறிய முகம், சிவந்த கண், உதட்டுக்கு வெளியே இரண்டு பற்கள்.

"யாருடா இது, இவ்வளவு பல்லோட?" என்றான் அப்பளசாமி.

"வம்பயர்ண்ணே. ரத்தக்காட்டேரி. மொத சீசன்ல ரெண்டே எபிசோட்தான் வந்தான். கூரை மேலேர்ந்து குதிப்பான், கடிப்பான், போயிடுவான். ஆனா பாக்குறவங்களுக்கு இவனத்தான் ரொம்ப புடிச்சிருச்சு. அதனால ரெண்டாவது சீசன்ல இவனுக்கு ஒரு கதை வேணும். யாரு, எப்படி இப்படி ஆனான், அப்புறம் எப்படி மாறுறான், எல்லாம். என்னைப் பண்ணச் சொல்லிட்டாங்க."

அந்த வம்பயருக்கு ஜப்பான் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் வாயில் நுழையவில்லை. பல்லன் என்று பெயர் வைத்துவிட்டோம். முடிவெட்டுகிறவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் முடியைத்தான் பார்ப்போம். பல்லனுக்குக் கிருதா இரண்டும் ஒரே அளவு, கழுத்தோரம் சுத்தம். அவன் உருவம் கண்ணாடியில் விழாது என்று விக்கி சொன்னான்.

"விழாதா? அப்ப எப்படிடா ஷேவ் பண்றான்?" என்றான் அப்பளசாமி. "கிருதா ரெண்டும் நூல் புடிச்ச மாதிரி நிக்குது. எவனோ வெட்டி விடுறான்லா!"

விக்கி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அண்ணே, செம பாயிண்ட்! இத யாருமே யோசிக்கல" என்றான்.

அந்தக் கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாக. ஆனால் என் கத்தி ஒரு ஆளின் மேலுதட்டில் இருந்தது, பேசினால் கை ஆடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது, கத்தியோடும் பேசுவான். அப்படித்தான் அந்தக் கேள்வி அவனுடையதாகிவிட்டது.

அடுத்தடுத்து விக்கி வரும்போதெல்லாம் பல்லன் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துறைமுகப் பட்டணத்தில் அவன் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தவன். அழகன். கடையின் கண்ணாடி, வாளித் தண்ணீர், சாப்பிடுகிற கரண்டி, எதில் தன் முகம் தெரிந்தாலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்வான். யாரோ கடித்து ரத்தக்காட்டேரி ஆன பிறகு சாவு இல்லை, முகமும் இல்லை. பத்து வருஷத்தில் தன் மூக்கு எப்படி இருக்கும் என்பது மறந்துபோனது. ஐம்பது வருஷத்தில் தான் அழகனா அசிங்கமா என்பதே தெரியாமல் போனது. அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் நின்று தலை சீவுகிற எவனைக் கண்டாலும் அவனுக்கு ஆகாது. அவர்களைத்தான் தேடித் தேடிக் கடித்தான்.

"பசிக்குக் கடிச்சா சும்மா வில்லன்தாண்ணே" என்றான் விக்கி. "பொறாமைல கடிச்சாத்தான் நம்ம ஆளு மாதிரி இருக்கும்."

பல்லனை எனக்கு அன்றுதான் பிடித்துப்போனது. வீட்டுக்குப் போய் என் மனைவி பிரேமாவதியிடம் முழுக் கதையும் சொன்னேன்.

"உங்களுக்குப் புடிக்காம இருக்குமா?" என்று சொல்லிவிட்டு அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பிறகுதான் அந்தப் பிப்ரவரி வந்தது. விக்கி டேப்லட்டைத் திருப்பிக் காட்டினான். பல்லனுக்கு முடி வெட்ட ஒருவர் வந்துவிட்டார். அந்தி சாய்ந்து கடை மூடுகிற நேரத்தில் பல்லன் கடைசி ஆளாக அவரிடம் வருவானாம். படத்தில் சின்னக் கடை, தொங்கும் விளக்கு, நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அந்த ஆள். முறுக்கிவிட்ட மீசை, மூக்குக்கு வலப்பக்கம் மச்சம், ஒரு மயிரிழை மாறாமல் அப்பளசாமி.

அப்பளசாமிக்கு முதல்முறையாகப் பேச்சு வரவில்லை. கண் கலங்கியது. பிறகு பேச்சு வந்தது, நிற்கவே இல்லை. படத்தைக் கேட்டு வாங்கி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டான். அம்சவள்ளி அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார், கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். மலாய்ப் பையன்கள் வந்து படத்துக்குக் கீழே அவனை நிற்கவைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம் "என் மூஞ்சி ஜப்பான் போகுதுலா" என்றான்.

எனக்கு வயிறு எரிந்தது. அவன் ஒருநாள் என் தோளில் தட்டி, "டேய் புவனேசா, கவலப்படாத. அடுத்த படத்துல உன் பீச்சாங்கையப் போடச் சொல்றேன்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். நானும் சிரித்தேன். பல்லனுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது, பல்தான் இல்லை.

மார்ச்சில் யான் என்ற ஊரில் அவன் மச்சான் வீட்டுக் கல்யாணம், இரண்டு நாள் கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அன்று பார்த்து விக்கி வந்தான். அப்பளசாமி இல்லை என்றதும் அவன் முகம் தொங்கிப்போனது. என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அடுத்த வாரம் படத்த எல்லாம் லாக் பண்ணிடுவாங்கண்ணே. அதுக்கப்புறம் மாத்த முடியாது. என்னையும் கோலாலம்பூருக்கே வரச் சொல்லிட்டாங்க. போறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன். அவரு மூஞ்சியப் போடுறதுல அவருக்கு ஓகேதானே?"

நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல வேண்டுமென்று நினைத்து வைத்திருக்கவில்லை. அது தானாகவே வந்துவிட்டது.

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தாரு தம்பி. அவருக்குப் புடிக்கல. சொந்தக்காரங்க கேலி பண்றாங்களாம். மூஞ்சிய எடுத்துட்டா நல்லதுன்னு எங்கிட்ட சொன்னாரு."

"அப்படியா? சந்தோஷமா இருந்தாரேண்ணே."

"வெளியில அப்படித்தான் இருப்பாரு."

"நான் போன் பண்ணிப் பேசட்டுமா?"

"வேணாம், சங்கடப்படுவாரு. நீயா எடுத்த மாதிரி எடுத்துடு. அவருகிட்ட எதுவும் கேக்காத."

விக்கி கொஞ்ச நேரம் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்த்தான். சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் போனான். பிடிக்காத படத்தை ஏன் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று அவன் கேட்டிருந்தால் என் பொய் அங்கேயே உடைந்திருக்கும். அவன் கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் நம்புகிற பையன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். அப்பளசாமி நாட்காட்டியில் நாள் எண்ணிக்கொண்டிருந்தான். எனக்கு ஒருநாள் பயமாக இருக்கும், ஒருநாள் உள்ளுக்குள் குதூகலமாக இருக்கும். அவன் மீசையை முறுக்கும்போதெல்லாம் "முறுக்கு, முறுக்கு" என்று சொல்லிக்கொள்வேன். ஒரேயொருமுறை உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அன்றைக்கென்று ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்து என் கையைப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சொல்லவில்லை.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அந்த எபிசோட் வந்தது. கடையில் நிற்க இடமில்லை. அம்சவள்ளி ஒரு வாளி நிறைய வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தார். மகள்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள், யான் ஊர் மச்சான் குடும்பம் வீடியோ காலில் இருந்தது. அப்பளசாமி புதுச் சட்டை போட்டு, மீசைக்கு எண்ணெய் வைத்து, நாற்காலியைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான். விக்கியும் கோலாலம்பூரிலிருந்து வந்து சுவரோரம் நின்றான். அப்பளசாமியைப் பார்க்கவே கூச்சப்பட்டான். இரண்டாவது ஞாயிறு என்பதால் ராமையா என் நாற்காலியில் இருந்தார். எனக்கு அது வசதியாக இருந்தது. கை வேலையில் இருந்தால் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் ராமையா விடவில்லை. "எனக்கு என்ன தெரியப்போகுது? நடக்கறத நீ சொல்லு தம்பி" என்றார்.

அந்தப் படத்தை நானே என் வாயால் அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

"மழை பெய்யுதுங்கய்யா. பல்லன் தெருவுல வரான். எல்லாக் கடையும் மூடியிருக்கு, ஒரு கடையில மட்டும் லைட்டு எரியுது. உள்ள வரான். நாற்காலில உட்கார்றான்."

"முடி வெட்டுறவரு?"

"துண்டு போர்த்துறாரு. கைதான் தெரியுது."

"இப்ப வருவேன் பாரு!" என்றான் அப்பளசாமி. வீடியோ காலில் யாரோ விசில் அடித்தார்கள்.

வரவில்லை. சட்டைப் பைக்கு மேலே படம் போகவே இல்லை. கேமரா எங்கே போனாலும் கைதான், மார்புதான். அப்பளசாமி முன்னால் சாய்ந்து கழுத்தை நீட்டி, தொலைக்காட்சிக்கு மேலே எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் என்பவன் போல உட்கார்ந்திருந்தான். இதைப் பார்க்கத்தானே எட்டு மாதம் காத்திருந்தேன்? ஆனாலும் அவன் பக்கம் பார்க்க முடியவில்லை. திரையையே பார்த்தேன்.

அப்போதுதான் அந்தக் கை கத்தரியை எடுத்தது.

கடையில் இருந்த வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. எல்லாரும் மீசையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தரியைப் பார்த்தேன். மேல் அலகு இடப்பக்கம் இருந்தது. கட்டைவிரல் நுழைந்திருந்தது இடது கையில். சீப்பு வலது கையில், சுண்டுவிரல் மட்டும் விலகித் தூக்கி நின்றது. என் சுண்டுவிரல் அப்படித்தான் நிற்கும். ஒருமுறை ஒடிந்து சரியாகக் கூடாத விரல்.

"ஏன் தம்பி நிறுத்திட்ட?" என்றார் ராமையா.

"வெட்டுறாருங்கய்யா" என்றேன்.

"அப்புறம்?"

"முடிஞ்சிடுச்சு. பவுடர் போடுறாரு. துண்டை உதறுறாரு. ஆணியிலேர்ந்து..." திரையில் அந்த இடது கை ஆணியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து, பழக்கத்தில், பல்லனின் பின்னந்தலைக்கு நேராகப் பிடித்தது. பெரிய கண்ணாடியில் பல்லன் இல்லை. வெள்ளைத் துணி மட்டும் ஆள் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. கை அப்படியே உறைந்துபோனது. பல்லன் தலையை இடப்பக்கம் ஒருமுறை திருப்பினான், வலப்பக்கம் ஒருமுறை திருப்பினான். அவன் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னான், கீழே தமிழ் எழுத்து வராது என்பதால் விக்கி சத்தமாகச் சொன்னான்.

"நல்லா இருக்குன்னு சொல்றான்."

பல்லன் தெருவில் இறங்கினான். ஒரு பெண் கடைக்கண்ணாடியில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவள் கழுத்துக்கு அருகே போனான். கடிக்காமல் அவளைக் கடந்து நடந்தான். எபிசோட் முடிந்தது.

ராமையா துண்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். "அட, அப்ப அந்தப் பல்லன் நானாய்யா?" என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. அப்பளசாமி மட்டும் எழுந்து நின்றான். திரையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், அதிலிருந்த கத்தரியைப் பார்த்தான்.

"டேய்! இது புவனேசன் கைடா! பீச்சாங்கைடா அது!" என்று கத்தினான். ஓடிவந்து என் கையைப் பிடித்து வீடியோ காலில் தூக்கிக் காட்டினான். "இந்தா, இந்தக் கைதான்! நம்ம தம்பி கை!" அவன் சந்தோஷத்தில் கள்ளம் எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

பெஞ்சிலிருந்த லோகேஸ்வரன், மீன் விற்கிறவன், அவன்தான் கேட்டான். "அதெல்லாம் சரிண்ணே, உங்க மீசை எங்க?"

சிரிப்பு அடங்கியது. விக்கி முன்னால் வந்தான். "அண்ணே, கை மொதல்லேர்ந்தே புவனேசன் அண்ணன் கைதாண்ணே. ராமையா தாத்தாவுக்கு அவரு கண்ணாடி காட்டுனத ஒருநாள் பாத்தேன். அதுலேர்ந்துதான் கதையே வந்துச்சு. உங்க நாற்காலில உட்கார்ந்தாத்தான் அவரு வேலை செய்றது கண்ணாடில முழுசா தெரியும், அதான் எப்பவும் அங்கயே உட்காருவேன். கை அவரோடது, மூஞ்சி உங்களோடதுன்னு ஆசையா வெச்சிருந்தேன். நீங்கதான் மூஞ்சி வேணாம்னு சொல்லிட்டீங்க."

"நான் சொன்னனா?"

"புடிக்கலன்னு சொன்னீங்கன்னு..." என்று தொடங்கிய விக்கி நிறுத்தினான். அவன் கண் என் பக்கம் வந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

அப்பளசாமி என்னை நேராகப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவர் கை என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. அம்சவள்ளி வடை வாளியோடு அப்படியே நின்றார். மகள்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"ஆமாமா, நான்தான் சொன்னேன்" என்றார் அப்பளசாமி. "மறந்தே போயிட்டேன்லா, வயசாச்சு. எனக்கு வெட்கமா இருந்துச்சு, அதான் எடுக்கச் சொல்லிட்டேன்."

அந்த மனிதருக்கு வெட்கம் என்று பிறந்ததிலிருந்து ஒன்று இருந்ததில்லை. அவர் மகள்கள்கூட நம்பியிருக்க மாட்டார்கள். அவர் என் கையை மெதுவாக விட்டுவிட்டு, வடையை எடுத்து எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கினார். முருகன் படத்துக்குப் பக்கத்திலிருந்த சட்டத்தின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

ராமையா இன்னும் எழுந்திருக்கவில்லை.

"கண்ணாடி காட்டலையா தம்பி?" என்றார்.

எடுத்துக் காட்டினேன். அவர் தலையைத் திருப்பி, நல்லா இருக்கு என்றார். இந்த முறை அப்பளசாமி சிரிக்கவில்லை.

பொய்யைச் சொன்னவன் நான் என்று ஊருக்கே காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும், அவருக்கா வார்த்தைக்குப் பஞ்சம்? அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். மீசையும் குழந்தைகளின் முதல் முடியும் கடை நிறைய ஆட்களும் அவருக்கு இருந்ததற்கெல்லாம் பொறாமைப்பட்டுத் தீர்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லாமல் இருக்கவும் அவரால் முடிந்ததே, அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.